'இன்னும் ரெண்டு வாய் ஊட்டு தாயி...' ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்த குழந்தைக்கு உண்மையில் எத்தனை கலோரி தேவை?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பிள்ளை வெளியூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வீடு திரும்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், கண்டிப்பாக அரை கிலோ பால்கோவா. "என்ன இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டான்? நல்லா சாப்பிட்டாத்தானே உடம்பு தேறும், இன்னும் ரெண்டு வாய் ஊட்டு தாயி" என்று அப்பத்தா சொல்வார். அம்மாவும் ஊட்டுவார். பிள்ளை துப்பும். வீடே கவலைப்படும்.

வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றால் இந்தப் பாசத்தில் பெரிய தப்பில்லை. ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கோ தலசீமியாவுக்கோ ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்துகொண்ட பிள்ளையின் உடம்பு வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் எவ்வளவு சாப்பாடு போதும், எவ்வளவு அதிகம் என்பதை டாக்டர்களாலேயே கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடிவதில்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். அளந்து பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பதில், பலரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக இருந்தது.

முதலில், இந்தச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது?

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களின் பட்டறை. அந்தப் பட்டறையே கெட்டுப்போனால், கடுமையான கீமோ மருந்துகளாலும், சிலருக்கு உடல் முழுக்கக் கதிர்வீச்சாலும் அதைக் காலி செய்கிறார்கள். பிறகு ஆரோக்கியமான ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. செல் ஏற்றும் நாளை 'பூஜ்ஜியம் நாள்' என்பார்கள். புதிய செல்கள் எலும்புக்குள் போய்க் குடியேறி அணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

இந்தியாவில் இது 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1986-ல் தொடங்கியது. தென் மாவட்டக் குடும்பங்களுக்கு இன்றைக்கும் பெரிய சிகிச்சை என்றால் மதுரை, இல்லையென்றால் வேலூர் அல்லது சென்னைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றும் இருக்கிறது. தலசீமியா குழந்தைகளுக்கு கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017 முதல் நடக்கும் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது.

அந்த இரண்டு முதல் நான்கு வாரம்தான் சாப்பாட்டுப் பிரச்சினை உச்சத்துக்குப் போகும் காலம். கீமோவால் வாயிலிருந்து குடல் வரை உள்தோல் உரிந்து புண்ணாகிவிடும். எச்சில் விழுங்கவே பிள்ளை அழும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும், நாக்கில் ருசியும் தெரியாது. வாய் வழியாக ஒன்றும் போகாத நிலையில் மூக்கில் குழாய் விட்டு உணவு கொடுப்பார்கள். குடலும் ஒத்துழைக்கவில்லை என்றால் சர்க்கரை, கொழுப்பு, அமினோ அமிலம் கலந்த திரவத்தை நேராக ரத்த நாளத்தில் ஏற்றுவார்கள்.

சாப்பிடுகிற பிள்ளைக்கு 'போதும்' என்று சொல்ல வாய் இருக்கிறது. நரம்பில் ஏறும் திரவத்துக்கு அந்த வாய் கிடையாது. பையில் எவ்வளவு ஊற்றுகிறார்களோ அவ்வளவும் உள்ளே போகும். அதனால் பையில் எவ்வளவு என்று முடிவு செய்வது சின்ன விஷயமல்ல.

தறி ஓடாத நேரத்திலும் மீட்டர் ஓடும்

விசைத்தறி வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். தறியை நிறுத்திவிட்டால் மட்டும் கரண்ட் பில் பூஜ்ஜியம் ஆகிவிடாது. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். உடம்பும் அப்படித்தான். சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டும், உடம்புச் சூடு குறையாமல் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு ஆகும் செலவைத்தான் 'ஓய்வுநிலை ஆற்றல் செலவு' என்கிறார்கள்.

குழந்தைகளிடம் இந்தச் செலவில் பெரிய பங்கு மூளைக்குப் போகிறது. ஏறக்குறைய 5 வயதில் மூளை செலவழிக்கும் குளுக்கோஸ், ஓய்வுநிலைச் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. படிக்காமல் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் எரிபொருள் எரித்துக்கொண்டுதான் இருக்கிறது!

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6 வயது பையன், எடை 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் 1985-ல் தந்த சூத்திரம் எளிமையானது: எடையை 22.7-ஆல் பெருக்கி 495-ஐக் கூட்ட வேண்டும். விடை சுமார் 904 கிலோ கலோரி. (நாம் பேச்சில் 'கலோரி' என்று சொல்வதெல்லாம் கணக்குப்படி கிலோ கலோரிதான். இனி இங்கேயும் பேச்சு வழக்கே.) 4 முதல் 6 வயதுள்ள ஆரோக்கியமான, ஓடியாடும் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,360 கலோரி தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஆக, மொத்தத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சும்மா இருப்பதற்கே போய்விடுகிறது.

சூத்திரம் இருக்கிறதே, அப்புறம் எதற்கு அளக்க வேண்டும்?

ஏனென்றால் சூத்திரங்கள் ஆரோக்கியமானவர்களை அளந்து எழுதப்பட்டவை. மஜ்ஜை காலியாகி, காய்ச்சலோடு, ஸ்டீராய்டு மருந்தோடு, இரண்டு வாரமாகக் கட்டிலைவிட்டு இறங்காத பிள்ளைக்கு அவை பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நம் ஊர் உடம்புக்கு அவை அப்படியே பொருந்துமா என்பது தனிக் கேள்வி. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தென்னிந்தியர்களின் அடிப்படை ஆற்றல் செலவைப் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை, சர்வதேச சூத்திரம் சொல்வதைவிட இந்தியர்களின் செலவு சுமார் 5 சதவீதம் குறைவு என்று வைத்துத்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பழைய பரிந்துரைகள் கணக்குப் போட்டன.

இன்னொரு பக்கம், பல ஆண்டுகளாக மருத்துவ உலகில் ஓர் அனுமானம் இருந்தது. இவ்வளவு பெரிய சிகிச்சையைத் தாங்கும் உடம்பு நிறைய ஆற்றலைச் செலவழிக்கும், ஆகவே சூத்திரம் சொல்வதற்கு மேலே 30, 40, ஏன் 50 சதவீதம் வரைகூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது. காது கொடுத்துக் கேட்டால் இது வேறொன்றுமில்லை, அப்பத்தாவின் 'இன்னும் ரெண்டு வாய்'தான். கொஞ்சம் இங்கிலீஷில் சொல்லப்பட்டது, அவ்வளவே.

பால்கோவா அடுப்பும் மூச்சுக்காற்றும்

சரி, எப்படி அளப்பது? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் விறகு அடுப்பை நினைத்துக்கொள்ளலாம். எவ்வளவு விறகு எரிந்தது என்று தெரிய வேண்டும், ஆனால் விறகை எடை போட முடியாது. வேறு வழி உண்டா? உண்டு. விறகு எரிய ஆக்சிஜன் வேண்டும், எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். உள்ளே போன ஆக்சிஜனையும் வெளியே வந்த கார்பன் டை ஆக்சைடையும் அளந்துவிட்டால் எரிந்த விறகின் கணக்கு கையில் வந்துவிடும்.

உடம்புக்கும் இதே கதைதான். இதை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே. 1780-களில் லாப்லாஸுடன் சேர்ந்து ஒரு கினி எலியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது, எலி எவ்வளவு காற்றை வெளியே விடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மூச்சுவிடுவதும் ஒருவகை எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கும் கருவி அந்தப் பெட்டியின் கொள்ளுப்பேரன். பெயர் 'இன்டைரக்ட் கேலோரிமெட்ரி'. சூட்டை நேரடியாக அளக்காமல் மூச்சை வைத்துக் கணக்கிடுவதால் 'மறைமுக' அளவீடு.

ஊசி கிடையாது, வலி கிடையாது. பிள்ளை மல்லாந்து படுத்திருக்க, தலையையும் தோளையும் மூடுவது போல ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்ப்பார்கள். விண்வெளி வீரரின் ஹெல்மெட் மாதிரி இருக்கும், சில பிள்ளைகளுக்கு அதுவே பிடித்துவிடும். ஒரு குழாய் காற்றை இழுத்துக் கருவிக்கு அனுப்பும். சுமார் அரை மணி நேரம் வேலை.

கேட்க எளிது, செய்யத்தான் கஷ்டம். பிள்ளை விழித்திருக்க வேண்டும், ஆனால் அசையக் கூடாது, அழக் கூடாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிட அளவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், பயத்தில் மூச்சு வேகமாக ஓடும் என்பதால். அதன்பிறகு ஆக்சிஜன் அளவும் கார்பன் டை ஆக்சைடு அளவும் அதிகம் ஏறி இறங்காமல் நிலையாக இருக்கும் சில நிமிடங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கூடாரத்தில் சின்ன இடைவெளி விழுந்து காற்று கசிந்தாலே எண் தப்பாகிவிடும். வெளியிலிருந்து அதிக ஆக்சிஜன் கொடுக்கப்படும் பிள்ளைக்குச் செய்வது கஷ்டம். காய்ச்சல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் செலவு சுமார் 10 முதல் 13 சதவீதம் ஏறும். மற்றபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லலாம், செல்போனில் கார்ட்டூன் ஓடலாம். அதைப் பார்த்துச் சிரித்துப் புரண்டால் மறுபடி முதலிலிருந்து!

கிடைத்த இரண்டு எண்களையும் 1949-ல் வீர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி தந்த சூத்திரத்தில் போடுவார்கள். நம் 18 கிலோ பையன் சிகிச்சைக்கு முன் நிமிடத்துக்கு 120 மில்லி ஆக்சிஜன் எடுத்து 100 மில்லி கார்பன் டை ஆக்சைடு விடுகிறான் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குச் சுமார் 840 கலோரி வரும். சூத்திரம் ஊகித்த 904-க்குக் கிட்டத்தட்ட 93 சதவீதம். பரவாயில்லை, பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு எண்களுக்குள் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. வெளிவந்த கார்பன் டை ஆக்சைடை உள்ளே போன ஆக்சிஜனால் வகுத்தால், உடம்பு எதை எரிக்கிறது என்று தெரியும். 0.7 பக்கம் இருந்தால் கொழுப்பு, 1-ஐ ஒட்டி இருந்தால் சர்க்கரை. 1-ஐத் தாண்டிவிட்டால்? வந்து குவியும் சர்க்கரையை எரிக்க முடியாமல் உடம்பு அதைக் கொழுப்பாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அதாவது தீனி அதிகமாகிவிட்டது.

மூன்றாவது வாரத்தில் ஒரு ஆச்சரியம்

அமெரிக்காவின் பாஸ்டன் ஆய்வாளர்கள், மாற்று சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளை இப்படி வாராவாரம் அளந்து பார்த்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லோரும் ஏறும் என்று எதிர்பார்த்த செலவு இறங்கியிருந்தது! சிகிச்சைக்கு முன் சூத்திரத்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தது, மூன்றாவது வாரத்தில் அதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தரைதட்டியது.

நம் பையனின் கணக்கிலேயே போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். மூன்றாவது வாரம் அவன் நிமிடத்துக்கு 105 மில்லி ஆக்சிஜன், 86 மில்லி கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், நாளுக்குச் சுமார் 733 கலோரிதான். பழைய வழக்கப்படி சூத்திரத்தின் மேல் 40 சதவீதம் சேர்த்து ஏற்றியிருந்தால் 1,265 கலோரி போயிருக்கும். புரண்டு படுப்பதற்கும் கழிவறைக்கு நடப்பதற்கும் தாராளமாக 20 சதவீதம் சேர்த்தாலும் 733 என்பது 880-தான் ஆகும். மிச்சம் 385 கலோரி தினமும் எங்கே போகும்? பால்கோவா 100 கிராமில் சுமார் 400 கலோரி இருக்கிறது என்று வைத்தால், கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் தினமும் நூறு கிராம் பால்கோவாவை நரம்பு வழியாக ஊட்டுவதற்குச் சமம்.

அந்த மிச்சம் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறலாம், கல்லீரலில் கொழுப்பாகப் படியலாம். வெள்ளை அணுக்களே இல்லாத நேரத்தில் ரத்தச் சர்க்கரை ஏறுவது நல்ல செய்தியல்ல, தொற்று அபாயத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கீமோ மருந்துகளால் ஏற்கெனவே அடிவாங்கிய கல்லீரலுக்கு இது கூடுதல் சுமை.

ஏன் இறங்குகிறது? ஒரே பதில் இல்லை. படுக்கையிலேயே கிடப்பதால் தசை கரைகிறது. தசைதான் கொழுப்பைவிட அதிகம் எரிபொருள் கேட்கும் திசு. சாப்பாடு குறையும்போது உடம்பு தானாகவே சிக்கன நடவடிக்கை எடுத்துக்கொள்கிறது. இரவும் பகலும் கோடிக்கணக்கில் அணுக்களை உற்பத்தி செய்த மஜ்ஜை காலியாகக் கிடப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதே சராசரி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காய்ச்சலும் தொற்றும் வந்தால் செலவு ஏறும். புதிய செல்கள் பிள்ளையின் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் 'ஜி.வி.ஹெச்.டி.' என்ற சிக்கல் நீடித்தாலும் ஏறக்கூடும். அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குச் சூத்திரம் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் சொல்லலாம். அளக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அப்போ அளந்து கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகிறது. அதே ஆய்வாளர்கள் அடுத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு, அளந்த ஓய்வுநிலைச் செலவுக்குச் சரியாக அதே அளவு நரம்புவழி உணவு. இன்னொரு அணிக்கு வழக்கமான 140 சதவீதம். அளந்து கொடுத்த பிள்ளைகளுக்குக் கொழுப்பு குறைவாகச் சேரும் என்பது எதிர்பார்ப்பு. 2012-ல் வெளியான முடிவு அதை உறுதி செய்யவில்லை. உடல் கொழுப்பு விகிதத்தில் இரண்டு அணிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டிலும் தசை போனது.

இந்தத் துறையில் நேர்மையான முடிவு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். கலோரியைச் சரியாகப் பிடிப்பது அவசியம், ஆனால் கலோரி மட்டும் தசையைக் காப்பாற்றாது. தசைக்குப் புரதம் வேண்டும், அதோடு அசைவும் வேண்டும். வார்டு வராண்டாவில் பத்து அடி நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட்டின் வேலை, ஊட்டச்சத்து நிபுணரின் வேலைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

எடை மெஷின் இந்த விஷயத்தில் நன்றாகவே பொய் சொல்லும். தசை ஒரு கிலோ குறைந்து, உடம்பில் நீரோ கொழுப்போ ஒரு கிலோ ஏறினால் முள் அசையாது. ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளிடம் இது அப்பட்டமாகத் தெரியும். முகம் உப்பி, கன்னம் பூரித்து, வயிறு முன்னே வந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்பார்கள். "பாத்தியா, புள்ள நல்லா தேறிட்டான்" என்று சித்தி மகிழ்ந்து சொல்லும்போது, அதே பிள்ளையின் கையும் தொடையும் குச்சியாக இருப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் நல்ல மையங்களில் எடையோடு நிறுத்தாமல், மேல் கையின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து எழுதுகிறார்கள். சாதாரண டேப்தான், அங்கன்வாடியில் பயன்படுத்துவது போன்றது.

இது அந்த ஓரிரு மாதத்தோடு முடியும் விஷயமும் இல்லை. சிறு வயதில் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், குறிப்பாக முழு உடல் கதிர்வீச்சு பெற்றவர்களிடம், வளர்ந்த பிறகு சர்க்கரை நோயும் ரத்தக் கொழுப்புப் பிரச்சினையும் மற்றவர்களைவிட அதிகம் வருவது தெரிந்ததே. பார்க்க ஒல்லியாக இருப்பார்கள், உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம்.

கருவி இல்லாத ஊரில்?

மூச்சை அளக்கும் கருவியின் விலை லட்சங்களில் இருக்கிறது. வாங்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் அளவு தெரிந்த வாயுவை வைத்துச் சரிபார்க்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அழாத பிள்ளையும் வேண்டும். பெரிய மருத்துவமனைகளிலேயே இது எல்லா வார்டிலும் கிடையாது. சூத்திரத்தை வைத்துத்தான் பெரும்பாலான இடங்களில் வண்டி ஓடுகிறது.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்சும், ஜிம்மில் ஏறி நிற்கும் 'பாடி ஃபேட்' மெஷினும் 'உங்கள் ஓய்வுநிலைக் கலோரி இவ்வளவு' என்று ஒரு எண்ணைக் காட்டும். அவை மூச்சை அளப்பதில்லை. வயது, எடை போன்றவற்றை வைத்து உள்ளே இருக்கும் சூத்திரம்தான் பேசுகிறது. மாற்று சிகிச்சை முடிந்த பிள்ளைக்கு அந்த எண்ணை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

குறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே படித்ததை வைத்துக்கொண்டு 'அப்போ கம்மியா சாப்பிட்டால் போதும்போல' என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. செலவு இறங்குவது ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தச் சில வாரங்களின் கதை. வீட்டுக்கு வந்து, எழுந்து நடந்து, விளையாடத் தொடங்கியதும் தேவை ஏறும். வளர்ச்சிக்கும், இழந்த தசையை மீட்கவும் கூடுதலாக வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் எடை இறங்கிக்கொண்டே போகும் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் பெரிது. இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும் பாதை இது.

வீட்டில் செய்யக்கூடியது என்று பார்த்தால், முதலாவது ஒரு நோட்டு. என்ன சாப்பிட்டான், எத்தனை இட்லி, எத்தனை முட்டை, எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை வயிற்றுப்போக்கு என்று எழுதி வைத்தால் மறுபரிசோதனையில் ஊட்டச்சத்து நிபுணருக்கு அது தங்கம். 'நல்லா சாப்பிடுறான் டாக்டர்' என்பதைவிட 'காலையில் ரெண்டு இட்லி, ஒரு முட்டை, பாதி டம்ளர் பால்' என்பது ஆயிரம் மடங்கு உபயோகம். எடையை ஒரே மெஷினில், வாரத்தில் ஒரே நாளில், காலையில் பார்ப்பது நல்லது. கடைக்குக் கடை மெஷின் மாற்றினால் மெஷினின் வித்தியாசத்தைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

பால்கோவா கொடுக்கலாமா, கூடாதா?

இதற்கு வருவோம், வராமல் எப்படி? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அதில் பாலின் புரதமும் கால்சியமும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்தது என்பதால் கையளவில் கலோரி நிறைய. ஐம்பது கிராம் என்றாலே சுமார் 200 கலோரி. நம் 18 கிலோ பையனின் ஒருநாள் ஓய்வுநிலைச் செலவில் நாலில் ஒரு பங்கை நெருங்கிவிடுகிறது. சாப்பிடவே முடியாமல் எடை குறையும் பிள்ளைக்கு இது வரமாக இருக்கலாம். ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறியிருக்கும் பிள்ளைக்கு அதுவே வினை. எந்தப் பக்கம் என்பதை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்தான் சொல்லும், சொந்தக்காரர் அல்ல.

சுத்தம் இன்னொரு விஷயம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடும் காலம் முழுக்க, திறந்து வைத்து விற்கும் பண்டத்தைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஒரு காலத்தில் பச்சையாக எதுவுமே கூடாது, பழம்கூடக் கூடாது என்று மிகக் கடுமையான பத்தியம் இருந்தது. அந்தக் கெடுபிடி இப்போது கொஞ்சம் தளர்கிறது. இத்தாலியில் மாற்று சிகிச்சை பெற்ற பெரியவர்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், கடுமையான பத்தியம் இருந்தவர்களைவிட, சுத்தமாகச் சமைத்த சாதாரண உணவு சாப்பிட்டவர்களுக்குத் தொற்று அதிகம் வந்துவிடவில்லை. இருந்தாலும் குழந்தைகளுக்கு எந்தப் பழம் எப்போது என்பதை அந்தந்த மையம் தரும் பட்டியலே முடிவு செய்யும். மாம்பழ சீசனில் ராஜபாளையம் சப்பட்டையை நன்றாகக் கழுவித் தோல் சீவிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில் நஷ்டமில்லை. பம்ப்ளிமாஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடக்கூடிய பழ வகை அது. ஆடிப்பூரத் தேருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், கூட்டம் கலோரிக் கணக்கைவிடப் பெரிய ஆபத்து.

பார்க்க வருகிறவர்கள் என்ன வாங்கி வரலாம் என்று கேட்டால், முட்டை. நன்றாக வேகவைத்த ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அதிகம் செலவும் இல்லை. இல்லையென்றால், காப்பீட்டில் சிகிச்சைக்குப் பணம் வந்தாலும் அதன்பிறகு மாதாமாதம் மதுரைக்கோ வேலூருக்கோ போய்வரும் செலவும், உடன் தங்கும் அப்பாவுக்கு மில்லில் போகும் சம்பளமும் யார் தலையிலும் விழாமல் போவதில்லை. பால்கோவா டப்பாவின் பணத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தாலும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்த மறுபரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்: இவனுக்குச் சொல்லியிருக்கும் கலோரி அளந்ததா, சூத்திரமா? எந்த எடையை வைத்துப் போட்டது, சேர்ந்த அன்றைய எடையா, இன்றைய எடையா? ஸ்டீராய்டு குறைக்கும்போது சாப்பாட்டு அளவு மாறுமா? கைச் சுற்றளவு போன தடவை எவ்வளவு, இப்போது எவ்வளவு?